நம் உடலும் நம் மொழியும்

மாந்தர் அறிய விழையும் பொருள்கள் எண்ணில. விண்மீன்களின் சேய்மையையும் கடலின் ஆழத்தையும் அளந்தறிந்த மனிதன், தன் விலாவெலும்புகளுக்குள்ளே அல்லும் பகலும் ஓயாது தொழிற்படும் உறுப்புக்களின் இயல்பை அறியாமலே வாழ்நாளைக் கழித்துவிடுதல் வியப்பினும் வியப்பேயாம். வண்டி வாங்குகின்றவன் அச்சும் ஆரமும் தட்டிப் பார்த்தே வாங்குகின்றான். நிலம் வாங்குகின்றவன் மண்ணைக் கையிலள்ளிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்கின்றான். பிறந்த நாள்தொட்டு இறக்குங்காறும் நம்மைவிட்டு நீங்காத உடைமையாகிய இவ்வுடலைப் பற்றியோ, நோய் வந்து கதவைத் தட்டுங்காறும் நாம் ஒன்றும் வினவுவதில்லை. இக்குறைக்குக் காரணம் கல்வியின்மை என்பார் பலர். யாம் அங்ஙனம் கருதவில்லை. பட்டம் பெற்றோருள்ளும் தம் சிறுநீரகம் செய்யும் தொழில் யாதென வினவினால் விழிப்போர் பலராவர். உடலறிவு நம் தாய்மொழியின் வாயிலாக நம் இல்லங்களுக்கு வந்து சேராமையே இக்குறைக்குப் பெருங்காரணம் என்பது எம் துணிபு. அத்துணிபைச் சில சான்றுகளால் நிறுவ ஈண்டு முயல்வோம்.

முதற்கண் நெஞ்சகத்தை நோக்குவோம். இருதயம் என்பது ஒருவன் தன் கைவிரல்களை மடக்கிப் பிடித்த பிடியளவே உள்ள ஒரு தசைப்பை. அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முறை சுருங்கி விரிகின்றது எனக் கொள்ளின், ஒரு நாளில் 1,00,000 முறைக்குக் குறையாது தொழிற்படும். ஒவ்வொரு சுருக்கத்திலும் அது வெளிச்செலுத்தும் குருதி சுமார் 70 மில்லிலிட்டர். ஒரு நிமிடத்தில் 5 லிட்டர். ஒரு நாளில் 7,000 லிட்டர். வளர்ந்த ஒருவன் உடலிலுள்ள குருதியோ மொத்தத்தில் 5 லிட்டரளவே. ஐந்தே உடையவன் ஏழாயிரத்தை எங்ஙனம் செலவிடுவான்? இவ்வினாவே வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவருக்கு உண்மையைப் புலப்படுத்திற்று. உண்ட உணவிலிருந்து கல்லீரலிற் குருதி நாடோறும் புதிதாய் ஊறி, உறுப்புக்களிற் சென்று செலவாகிவிடுகின்றது என ஐரோப்பியர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நம்பியிருந்தனர். ஹார்வி கத்தியோடு கணக்கையும் கையிலெடுத்தார். அரைமணி நேரத்தில் இருதயம் செலுத்தும் குருதி எவ்வளவென்று எண்ணிப் பார்த்தார். அஃது உடலிலுள்ள முழுக்குருதியினும் மிகுந்து நின்றது. ஆகவே சென்ற குருதியே சுழன்று மீளுதல் வேண்டும் எனத் துணிந்து, 1628-ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். மீளும் வழியை அவர் கண்ணாற் கண்டாரில்லை. அவர் மறைந்து நான்காண்டு கழிந்தபின், 1661-ல், இத்தாலியராகிய மால்பீகி ஒரு தவளையின் நுரையீரலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கி, மயிரினும் மெல்லிய குழல்கள் வழியே அவ்வழி இருத்தலைக் கண்டார்.

மேற்கூறிய வரலாற்றில் எப்பகுதி தமிழிற் கூறலாகாதாயிற்று? கணக்கறிந்த உழவனுக்கும், ஏற்றம் இறைத்த கிழவனுக்கும் இஃது எளிதில் விளங்குவதேயாம். அம்மட்டோ? நம் முன்னோர் உறுப்புக்களுக்கும் நோய்களுக்கும் இட்ட பெயர்களே பல இடங்களில் பாடஞ் சொல்லுகின்றன. நுரையீரல் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அவ்வுறுப்பு நுரைபோன்ற ஈரல் என்பதே அப்பெயரின் பொருள். இற்றைநாள் உடலியலார் அதனுள் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் இருத்தலைக் கண்டு கூறுகின்றனர். அவ்வறைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு பெரிய மண்டபத்தின் தரையை மூடும். சிறிய இடத்திற் பெரும்பரப்பை அடக்குதற்கு நுரையினும் தக்க அமைப்பு வேறில்லை. காற்றும் குருதியும் அத்துணைப் பரப்பில் அண்டி நிற்பதனாலேயே, ஒரு மூச்சு உள்ளே தங்கும் சிறுபொழுதிற்குள் குருதி தனக்கு வேண்டிய உயிர்வளியை ஏற்றுக்கொள்ளுகின்றது. பெயரிட்டோர் உருப்பெருக்கி அறியார். ஆயினும் கண்ணுற்றதைப் பிழையின்றிக் கூறினர்.

இனி, நீரிழிவு என்னும் சொல்லை நோக்குக. இழிதல் என்பதற்கு இறங்குதல், ஒழுகுதல் என்று பொருள். மலையினின்றும் அருவி இழிகின்றது என்போம். ஆகவே நீரிழிவாவது உடலினின்றும் நீர் ஓயாது இழியும் நோய் என்றாயிற்று. இதன் காரணத்தை இன்றைய உடலியல் தெளிவாகக் காட்டுகின்றது. நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரைக் குருதியினின்றும் வடித்தெடுக்கின்றன. வடித்ததை அப்படியே போக்கிவிடின் ஒரு நாளேனும் உயிர்வாழ்தல் ஒல்லாது. எனவே அவை பயனுள்ளவற்றையெல்லாம் மீட்டும் குருதிக்கே அளித்து, ஒன்றரை லிட்டரளவே கழிநீராகப் போக்குகின்றன. நலமுற்றவன் குருதியிலுள்ள சர்க்கரை முழுதும் இங்ஙனம் மீட்கப்பெறும். சர்க்கரை அளவு கடந்து மிகுமாயின் மீட்க இயலாது எஞ்சியது வெளியேறும். வெளியேறுங்கால் நீரையும் தன்னோடு இழுத்துச் செல்லும். அதனால் நீர் இழிகின்றது. நீர் இழிவதனால் விடாய் பெருகுகின்றது. நோயின் நடையையே பெயராக்கி வைத்த மொழி நம் மொழி.

அத்தகைய சொல் இருக்கவும் அதனைக் கைவிட்டு நாம் கொண்டது யாது? 'சுகர்' என்பதே. இச்சொல்லால் விளைந்த தீங்கொன்றை எம்மூராகிய குயிலாப்பாளையத்தில் யாம் கண்டுளோம். மூதாட்டி ஒருத்தி மருத்துவமனை ஒன்றுக்குச் சென்று, 'உனக்குச் சுகர். மாத்திரை சாப்பிடு' என்ற இரு சொற்களைப் பெற்று மீண்டாள். சுகர் என்பது சர்க்கரையே என்று யாரோ உரைத்தனர். அன்றுமுதல் தேநீரிற் சர்க்கரையை ஒழித்தாள். அதற்கு ஈடாகக் கருப்புக்கட்டியை இட்டுக்கொண்டாள். மூன்று வேளையும் வயிறாரச் சோறுண்டாள். சோறும் வயிற்றிற் சென்று சர்க்கரையாகவே மாறுமென்பதை அவளுக்குச் சொல்வார் இல்லை. 'இனிப்பைத்தான் நிறுத்திவிட்டேனே!' என்று மாத்திரையையும் நிறுத்தினாள். ஓராண்டு கழிந்தபின் காலில் முள் தைத்தது. தைத்தது அவளுக்குத் தெரியவில்லை. புண் புரையோடி, இரண்டு விரல்களை வெட்டி எடுக்கும்படி ஆயிற்று.

முள் தைத்தும் நோவாமற் போனது ஏன்? குருதியில் நெடுநாள் மிக்கிருக்கும் சர்க்கரை, நரம்புகளையும் அவற்றை ஊட்டும் நுண்குழல்களையும் கெடுக்கின்றது. மூளைக்கு மிகச் சேய்மையிலுள்ள பாதத்து நரம்புகள் முதலிற் கெடுகின்றன. வலியைப் பகையென்று நாம் வெறுக்கின்றோம். உண்மையில் அஃது ஊதியமின்றி உழைக்கும் காவலாள். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946-ஆம் ஆண்டு பணியேற்ற பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் இவ்வுண்மையைத் தொழுநோயாளரிடம் ஆராய்ந்து தெளிந்தார். அவர்தம் விரல்கள் நோயினாலே அழுகி உதிர்வன அல்ல. வலியுணர்ச்சி இன்மையால் நெருப்பிற் பட்டும் கல்லில் இடறியும் நாடோறும் சிதைந்து தேய்வன என்று அவர் காட்டினார். அக்காட்சி பிறந்தபின், செருப்பணிதலும் நாடோறும் கைகால்களைக் கண்ணால் நோக்குதலும் மருந்துக்கு நிகரான மருத்துவமாயின. இவ்வொரு செய்தியைத் தமிழில் இரண்டு நிமிடம் எடுத்துரைத்திருப்பின் எம்மூர் மூதாட்டி தன் விரல்களைக் காத்திருப்பாள் அன்றோ?

எம்மூர் மக்கள் உடலைப் பற்றி ஒன்றுமே அறியாதவர் என்று எவரும் எண்ணற்க. குயிலாப்பாளையம் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், கீழைக்கடலுக்கு அண்மையிற் செம்மண் மேட்டில் அமைந்தது. 1968-ல் தோன்றிய ஆரோவில் அதனை அடுத்துள்ளது. சுற்றிலும் முந்திரித் தோப்புகள் உள. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலிற் பட்டாற் கொப்புளித்துப் புண்ணாகும். ஓடு உடைக்கும் பெண்டிர் கைகளிற் சாம்பலையோ வேறோர் எண்ணெயையோ பூசிக்கொள்வது வழக்கம். அவ்வெண்ணெய் சிலருக்கு முதன்முறை பட்டபொழுது சிறிதும் துன்புறுத்தாது. மறுமுறை படுங்கால் கையெல்லாம் தடித்து அரிக்கும். இதனைத் 'தோலுக்கு ஞாபகம் உண்டு' என்று எம்மூர்ப் பாட்டியார் ஒருவர் கூறக் கேட்டுளோம். உடலியலார் கூறுவதும் அதுவே. குருதியிலுள்ள காவலணுக்களிற் சில, ஒருமுறை கண்ட அயற்பொருளை நினைவிற் கொண்டு, அது மீண்டும் வருங்கால் பெரும்படையாய்த் திரண்டெழுகின்றன. அம்மை குத்துவதனால் நோய் தடுக்கப்படுவதும் இந்நினைவினாலேயாம். பாட்டியார் தோலுக்கு ஏற்றிக் கூறியதை அறிவியலார் அணுக்களுக்கு ஏற்றிக் கூறுகின்றனர், வேற்றுமை அவ்வளவே.

சித்திரை வைகாசிகளில் தோப்பில் உழைப்போர் உடல் வியர்வையில் முழுகுகின்றது. மட்பாண்டத்து நீர் குளிர்வதற்கும் வியர்வையால் உடல் குளிர்வதற்கும் நெறி ஒன்றே. பாண்டத்தின் நுண்டுளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகுங்கால் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. மனிதத் தோலிலும் இருபது இலக்கத்திற்கு மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் உள. கடும் வெயிலிற் பாடுபடுவோனுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரும் அதற்கு மேலும் வியர்த்தல் கூடும். ஆனால் ஒன்று கருதத்தக்கது. சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஆவியாய் எழுவதே குளிர்விக்கும். கடலையடுத்த எம்மூர்க் காற்றில் ஈரம் மிகுந்திருத்தலால் வியர்வை ஆவியாகாது வழிந்தோடுகின்றது. வெப்பமானியின் அளவு உள்நாட்டிலும் குறைந்திருப்பினும் இங்கே உடல் அதிகம் வாடுவதற்குக் காரணம் இதுவே. ஆதலின், 'நன்றாய் வியர்க்கிறதே, நலந்தான்' என்று இருந்துவிடலாகாது. நிழலும் காற்றும் நீரும் உப்பும் வேண்டும்.

நீரும் உப்பும் எனவே, குடலைப் பற்றிய ஓர் அரிய செய்தி நினைவுக்கு வருகின்றது. வாந்திபேதி கண்டவன் நீரிழந்து சாகின்றான். நீர் கொடுத்தால் அது தங்காது ஒழுகிப் போகின்றது. உப்புநீர் கொடுத்தாலும் பெரிதும் பயனில்லை. ஆனால் உப்போடு சர்க்கரையும் சேருமாயின் குடல் அவ்விரண்டையும் ஒருங்கே உள்வாங்குகின்றது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கின்றது. சிறுகுடலின் சுவரில் உப்பையும் சர்க்கரையையும் கைகோத்து வந்தாலன்றி உள்ளே விடாத வாயில்கள் உள்ளனபோலும் என்று 1960-ல் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் விளக்கினார். அவ்வாயில்கள் வாந்திபேதியின்போதும் மூடுவதில்லை. 1971-ல் வங்காளத்துப் போரினால் அகதிகள் இலக்கக்கணக்கில் எல்லை கடந்து வந்தனர். பன்காவ் முகாமில் வாந்திபேதி பரவிற்று. ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, திலீப் மகாலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெருங்கலங்களில் நிரப்பி, உறவினரே முகந்து நோயாளிக்கு ஊட்டும்படி செய்தார். அதற்கு முன் நூற்றுக்கு முப்பதின்மர் வரை மாண்ட இடத்தில், நால்வருக்கும் குறைந்தவரே மாண்டனர். ஈன்ற தாயின் கையே மருத்துவன் கையாயிற்று.

அந்நீரைச் செய்யும் முறை மிக எளிது. கொதித்தாறிய நீர் 1 லிட்டர். தேக்கரண்டியால் தலைதட்டி அளந்த சர்க்கரை 6 கரண்டி. உப்பு அரைக் கரண்டி. உப்பு மிகுந்தால் தீங்காம்; எனவே அளவு பிழைத்தல் ஆகாது. இதனைச் சிறிது சிறிதாக ஓயாது பருகக் கொடுத்தல் வேண்டும். நோய் கடுமையாயின் மருத்துவமனைக்கு விரைதலும் வேண்டும். நம் பாட்டிமார் உப்பிட்ட கஞ்சி கொடுத்ததும் இந்நெறியைத் தழுவியதே. ஏனெனில் கஞ்சியிலுள்ள மாப்பொருள் குடலிற் சர்க்கரையாய்ப் பிரிகின்றது. வேலூர்க் கல்லூரி அறிஞர்கள், சிறுகுடலிற் செரியாத ஒருவகை மாப்பொருளையும் அக்கரைசலோடு சேர்த்தால் வாந்திபேதியிற் கழிச்சல் மேலும் குறைகின்றது என்று 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சோற்றை ஆறவைத்தால் அத்தகைய மாப்பொருள் மிகுவதுண்டு. பழையமுது உண்டு வளர்ந்த நாம் இதனைக் கேட்டு நாணுதற்கு ஒன்றுமில்லை, மகிழ்தற்கே இடமுண்டு.

வேலூர்க் கல்லூரியை இருமுறை குறித்தோம். அக்கல்லூரி தோன்றியதற்கு மூலகாரணமான நிகழ்ச்சி வேலூரில் நிகழ்ந்ததன்று. எம்மூருக்கு வடமேற்கே ஒரு சிறு பயணத் தொலைவிலுள்ள திண்டிவனத்தில் நிகழ்ந்தது. அங்கு ஊழியம் புரிந்த மருத்துவர் ஜான் ஸ்கடருக்கு ஐடா என்னும் மகள் இருந்தாள். 1870-ல் இராணிப்பேட்டையிற் பிறந்த அந்நங்கை, அமெரிக்காவிற் கல்விகற்று, நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனத்துக்கு வந்திருந்த காலம் அது. ஊழியத்தில் அவளுக்கு விருப்பமில்லை. ஓரிரவில் ஆடவர் மூவர், ஒருவர்பின் ஒருவராய் வந்து கதவைத் தட்டினர். அந்தணர் ஒருவர்; முகம்மதியர் ஒருவர்; வேறொரு குலத்து இந்து ஒருவர். மூவர் மனைவியரும் மகப்பேற்று வேதனையிற் கிடந்தனர். 'என் தந்தையார் மருத்துவர். அவர் வருவார்' என்றாள் ஐடா. பிற ஆடவர் தம் மனைவியரைக் காணுதல் தகாதென மூவரும் மறுத்துச் சென்றனர். பொழுது விடிந்தபின் மூன்று பெண்டிரும் இறந்தனர் என்னும் செய்தி வந்தது. அவ்விரவே ஐடாவின் வாழ்வை மாற்றிற்று. 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ல் இந்நாடு மீண்டு, வேலூரிற் பணி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியொன்றை நிறுவினார். அதுவே வளர்ந்து இன்றைய பெருங்கல்லூரியாயிற்று.

மகப்பேற்றின்போது உடல் செய்யும் தொழிலை அறிந்தோர்க்கு அவ்விரவின் துயரம் இருமடங்காகும். கருப்பை பேரிக்காயளவான ஒரு சிறு பை. கருவுற்று நிறைமாதம் ஆகும்போது ஒரு கிலோகிராம் எடையுள்ள பெருந்தசையாய் வளர்கின்றது. அப்பொழுது அதன்கண் நிமிடந்தோறும் அரை லிட்டருக்கு மேற்பட்ட குருதி பாய்கின்றது. மகவு பிறந்து நஞ்சுக்கொடி கழன்றவுடன் அக்குழல்களெல்லாம் வாய்திறந்து நிற்கும். அவற்றை அடைக்கும் மூடி எங்கே? கருப்பையின் தசைநார்கள் குழல்களைச் சுற்றிப் பின்னலாக அமைந்துள்ளன. தசை சுருங்கியவுடன் ஒவ்வொரு நாரும் ஒரு முடிச்சாகிக் குழலை இறுக்கிக்கொள்கின்றது. சுருங்காதாயின் சிறிது நேரத்திற்குள் தாயின் உயிர் குருதியோடு போய்விடும். நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளே தங்கினும் கருப்பை செவ்வனே சுருங்குதல் அரிது. அக்கொடிக்கு நம் பெண்டிர் 'நஞ்சு' என்று பெயரிட்டது இவ்விடரைக் கருதியே போலும் என்று எமக்குத் தோன்றுகின்றது. மூளையின் அடியிலுள்ள ஒரு சிறு சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதை 1906-ல் ஹென்றி டேல் கண்டறிந்தார். மகவு பால் உண்ணுந்தோறும் அச்சாறு சுரக்கின்றது. எனவே பிறந்தவுடன் குழந்தையை மார்பில் அணைத்தல் குழவிக்கு மட்டுமன்றித் தாய்க்கும் காப்பாகும். மருத்துவம் அறிந்த ஒருவர் அவ்விரவிற் கதவுக்கு இப்பால் இருந்தார். சாகின்றவர் அப்பால் இருந்தனர். இடையில் நின்றது வழக்கம் என்னும் ஒரு சுவர்.

அச்சுவரை ஐடா அம்மையார் இடித்தார். ஆயினும் அதனையடுத்து மற்றொரு சுவர் இன்றும் நிற்கின்றது. அது மொழிச்சுவர். அதனைத் தகர்க்க முயன்றவரும் அவ்வம்மையாரின் பாட்டனார் சென்ற வழியிலேயே சென்றவர் என்பது அறியத்தக்கது. பாட்டனாராகிய முதலாம் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவ ஊழியம் தொடங்கினார். அதே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர் 1847-ல் யாழ்ப்பாணம் அடைந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். அங்ஙனம் கற்றோர் அரசாங்க வேலை நாடிப் பிறவூர்களுக்குச் செல்ல, கிராமங்கள் வறிதே கிடந்தன. ஆகவே 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். நூல்கள் இல்லை என்று அவர் வாளா இருந்தாரல்லர். தம் மாணாக்கர் துணையுடன் மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஆங்கில நாட்டு மாணவர் இன்றும் போற்றும் கிரே என்பாரது உடற்கூற்று நூலே 1872-ல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரோடு தமிழிற் பேசிற்று. 1884-ல் அவர் மறைந்தார். அவர் ஆக்கிய சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. ஆயினும் தமிழால் ஒருவனை மருத்துவனாக்க இயலும் என்பதற்கு அவர் மாணாக்கரே சான்றாயினர்.

இங்ஙனம் கூறுமிடத்துத் தடை நிகழ்த்துவோர் உளர். 'அறிவியலின் மொழி ஆங்கிலம். உலகத்தோடு ஒட்ட வேண்டாமோ?' என்பர். ஒட்டவே வேண்டும். மருத்துவர் உலக நூல்களைப் பயிலுதற்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் நோய் மருத்துவருடையது அன்று. உடல் மருத்துவருடையது அன்று. மாத்திரையை விழுங்குபவளும், காலில் முள் தைக்கப்பெறுபவளும், நள்ளிரவிற் குழந்தையின் கழிச்சலைக் கண்டு நடுங்குபவளும் தமிழே அறிந்தவர். அவர் அறியாத மொழியில் அவரது உடலைப் பற்றிப் பேசுதல், ஒருவனது நிலப்பத்திரத்தை அவன் படிக்கவியலாத எழுத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குவதை ஒக்கும்.

மற்றுஞ் சிலர், 'எல்லாவற்றிற்கும் தனித்தமிழ்ச் சொல் உண்டாக்கிய பின்னரே எழுதவேண்டும்' என்பர். இவரும் ஒருவகையால் வேலையை ஒத்திப்போடுவோரே. இன்சுலின் என்றே எழுதினால் தமிழ் கெட்டுவிடாது. இன்சுலின் செய்வது யாது என்று எழுதாவிடிற் படிப்பவன் கெடுவான். சொல்லாக்கம் வேண்டும், அதனினும் முன்னர் விளக்கம் வேண்டும். 'இரத்த அழுத்தம் 120-க்கு 80' என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் மட்டும் போதாது. இருதயம் சுருங்குங்கால் குழற்சுவரின்மேல் ஏற்படும் அழுத்தம் முன்னது, விரியுங்கால் எஞ்சி நிற்பது பின்னது. அவ்விரண்டும் இடையறாது மிகுமாயின், நோவொன்றும் தோன்றாமலே மூளையின் குழல்களும் சிறுநீரகத்தின் குழல்களும் நைந்துபோகும் என்று கூறினாலன்றி, நோவில்லாதவன் மாத்திரை உண்ணான். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், உண்டது அற்றதை அறிந்து உண்ணுக என்னும் கருத்தை வைத்தார். அறிந்து என்னும் சொல்லில் உண்பவனுக்கே பொறுப்பு ஏற்றப்பட்டது. அறியும் வாயிலை அடைத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் அவன்மேல் ஏற்றுதல் முறையாகுமோ?

ஆகலின் தமிழ் பயிலும் மாணவர்க்கு ஒரு கடன் உண்டு. நம்மைப் போன்றோர் சங்க நூல்களையும் இலக்கணங்களையும் கற்று, அவற்றுக்கு உரை காணப் பழகுகின்றோம். அரிய பாட்டின் பொருளை எளிய சொல்லால் விரிக்கும் அப்பயிற்சியே இங்கும் வேண்டப்படுவது. நம் கல்லூரியில் விலங்கியலும் வேதியியலும் பயிலும் நண்பர்கள் உளர். பொருள் அவரிடம் உள்ளது, சொல் நம்மிடம் உள்ளது. இருதிறத்தாரும் கூடி, திங்களுக்கு ஓர் உறுப்பாகவோ ஒரு நோயாகவோ எடுத்து, நான்கு பக்கத்திற் கிராமத்தார் படித்தறியும் துண்டு நூல்களை எழுதலாம். மருத்துவர் ஒருவர் பிழை நோக்கித் தந்தபின் அவற்றை விடுமுறையில் நம் ஊர்களுக்கு எடுத்துச்செல்லலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தம் மணிக்கட்டில் நாடியைத் தொட்டு எண்ணக் கற்பிக்கலாம். அரைக் கரண்டி உப்பும் ஆறு கரண்டி சர்க்கரையும் அளந்து காட்டலாம். நீரிழிவுடையார்க்கு இரவுதோறும் உள்ளங்காலை விளக்கொளியில் நோக்கும்படி சொல்லலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. அரசாங்க ஆணையும் வேண்டா.

மாணவ அன்பர்களே! இக்கட்டுரையைத் தாங்கள் படித்து முடிப்பதற்குள் தங்கள் இருதயம் ஓராயிரம் முறை துடித்திருக்கும். ஒவ்வொரு வினாடியும் இருபது இலக்கத்துக்கு மேற்பட்ட செங்குருதியணுக்கள் தங்கள் என்புகளின் உள்ளே புதிதாய்த் தோன்றியிருக்கும். அவை ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் உழைத்து மாயும். இவை அந்தணர் உடலிலும் முகம்மதியர் உடலிலும் கிறித்தவர் உடலிலும், முந்திரி உடைக்கும் பெண் உடலிலும் பட்டம் பெற்ற ஆடவன் உடலிலும் ஒரே வகையாய் நிகழ்கின்றன. உடல் எவரிடத்தும் வேறுபாடு பாராட்டவில்லை. உடலறிவும் அங்ஙனமே வேறுபாடின்றி எல்லோர்க்கும் உரியதாதல் வேண்டும். திண்டிவனத்துக் கதவை அன்று தட்டியோர் மூவர். இன்று தட்டுவோர் பல்லாயிரவர். அவர்கள் தட்டுவது தமிழில். விடையும் தமிழில் வருக.